வாக்கர் என்றால் நடப்பவரா? ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென்று நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908இல் வரைந்த உருவம் அது. ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கரின் பெயரை, நடக்கிற மனிதராகவே வரைந்துவிட்டார். பார்த்த கண்ணுக்கு வேறு அர்த்தமே தோன்றாது. நானும் பல வருடம் வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

உண்மையில் அந்தப் பெயரின் முதல் சொந்தக்காரர்கள் நடந்தது தெருவில் இல்லை, தொட்டிக்குள். பழைய சிறுநீரில் ஊறிய கம்பளித் துணியின் மேல் மணிக்கணக்கில் ஏறி மிதிப்பதுதான் அவர்கள் தொழில். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்த ஆங்கிலக் குடும்பப் பெயரையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெயரை எப்படிப் படிப்படியாகத் தோண்டுவது என்பதை வாக்கரை வைத்தே காட்டுகிறேன். உங்கள் கையில் இருப்பது டர்னரோ கூப்பரோ பார்க்கரோ, வழி ஒன்றுதான்.

முதல் படி: இன்றைய அகராதியை ஓரமாக வையுங்கள்

குடும்பப் பெயர் என்பது உறைந்துபோன சொல். உறைந்த காலத்தில் அதற்கு என்ன பொருளோ, அதுதான் கணக்கு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு, பெரிய நிலக்கிழார்கள்தான் முதலில் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களிடம் அது மெல்ல மெல்லத்தான் பரவியது. தெற்கே முன்னால், வடக்கே பின்னால். சுமார் 1400க்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் அப்பாவின் பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடர்வது வழக்கமாகிவிட்டது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 1200க்கும் 1400க்கும் இடைப்பட்ட ஆங்கிலத்தை.

பெயர் எந்த வகை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே ஊகித்துவிடலாம். அப்பா பெயரிலிருந்து வந்தவை ஜான்சன், ராபின்சன் போன்றவை. ஊர், இடம் சார்ந்தவை ஹில், வுட். தொழிலிலிருந்து வந்தவை ஸ்மித், டெய்லர், மில்லர். பட்டப்பெயரிலிருந்து வந்தவை பிரவுன், ஆர்ம்ஸ்ட்ராங். தலைப்பெழுத்தோடு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் அந்நியம்தான். ஆனால் பாஸ்போர்ட் வாங்கும்போது அப்பா பெயரே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது அல்லவா? அதே பெயர் பத்துத் தலைமுறைக்கு அங்கேயே நின்றுவிட்டால் எப்படி இருக்குமோ, அதுதான் ஜான்சன்.

'அர்' என்ற ஒலியில் முடியும் பெயர்களை முதலில் தொழில் பெயராகக் கருதிச் சோதியுங்கள். வாக்கர் இந்த வகை.

இரண்டாம் படி: சொல்லின் பழைய உருவத்தைக் கண்டுபிடியுங்கள்

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. உருட்டுவது, புரட்டுவது, அலைக்கழிப்பது என்று பொருள். அதைச் செய்கிறவர் 'வெயால்கெரே'. இந்தச் சொல்லுக்கு நேராக அக்காலத்துச் சொற்பட்டியலில் தரப்படும் லத்தீன் சொல் 'ஃபுல்லோ', அதாவது துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர். காலால் நடப்பது என்ற பொருள் இந்த வினைச்சொல்லில் ஊன்றியது பிற்பாடு, சுமார் 1200ஐ ஒட்டி. பெயர் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டது, மொழி புதுப் பொருளோடு போய்விட்டது. இன்று குழப்பம் வருவது இந்தப் பிளவினால்தான்.

அந்தத் தொழில் என்ன என்று புரிந்தால்தான் பெயர் புரியும். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தகுந்தது அல்ல. நூல் இழைகள் இடைவெளி விட்டுத் தளர்வாக இருக்கும். ஆட்டின் கொழுப்பும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றுவார்கள். புளித்த சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா கொழுப்பை அறுக்கும். கூடவே கொழுப்பை உறிஞ்சும் ஒரு வகைக் களிமண்ணையும் சேர்ப்பார்கள். அந்தக் களிமண்ணுக்கு இந்தத் தொழிலை வைத்தே ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் முகத்துக்குப் பூசிக்கொள்ள வாங்குகிறோமே முல்தானி மிட்டி, அதேதான்.

பிறகு ஆட்கள் தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள். ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது கம்பளி மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். துணி சுருங்கி, தடித்து, காற்றும் மழையும் எளிதில் புகாதபடி கெட்டியாகும். அப்புறம் அலசி, திறந்த வெளியில் மரச் சட்டங்களில் கொக்கிகளால் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். கடைசியில் முட்செடிக் காயால் சீவி மென்மயிரை எழுப்பி, பெரிய கத்தரியால் சமமாக வெட்டுவார்கள். அந்தக் கத்தரிக்காரர்தான் ஷெர்மன் என்ற பெயருக்கு மூலம்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யார்க்‌ஷயரில் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் டெம்பிள் நியூசமில், டெம்ப்ளர் துறவி வீரர்களுக்குச் சொந்தமாகத் தண்ணீரால் ஓடும் துணி மிதிக்கும் ஆலை ஒன்று இருந்ததை 1185ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. காலுக்குப் பதிலாக மரச் சம்மட்டிகள் துணியைக் குத்தின. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய ஆலைகள் நாடெங்கும் பெருகின. குடும்பப் பெயர்கள் உறைந்ததும் இதே காலம்தான். அப்படியானால் வாக்கர் என்ற பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்த பலர் தொட்டியில் இறங்கியே இருக்கத் தேவையில்லை, ஆலை நடத்தியவர்களாகவோ ஆலைக்காரரின் பிள்ளைகளாகவோ இருந்திருக்கலாம். அந்த ஆலையையும் வடக்கே 'வாக் மில்' என்றே அழைத்தார்கள். கால் விலகிக்கொண்டது, சொல் தங்கிவிட்டது. உங்கள் பெயரிலும் தொழிலை உறுதி செய்தபின் இதையும் கேளுங்கள்: பெயர் உறைந்த காலத்தில் அந்தத் தொழில் எந்த நிலையில் இருந்தது?

மூன்றாம் படி: பெயரை வரைபடத்தில் வையுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

துணி மிதிக்கும் தொழிலுக்கு இடைக்கால இங்கிலாந்தில் மூன்று சொற்கள் இருந்தன. வடக்கிலும் மேற்கு மத்திய மாவட்டங்களிலும் வாக்கர். தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். லத்தீன் 'ஃபுல்லோ'விலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்து, நார்மன் பிரெஞ்சின் துணையோடு வலுப்பெற்ற சொல். தென்மேற்கில் டக்கர்; துன்புறுத்துவது, வாட்டுவது என்ற பொருள்கொண்ட 'டூகியன்' என்ற பழைய வினையிலிருந்து வந்தது. துணியை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

தொழில் ஒன்று, பெயர் மூன்று. அந்தப் பேச்சுவழக்கு எல்லைகள் குடும்பப் பெயர்களில் பல நூறு ஆண்டுகள் அழியாமல் நின்றன. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் தன்னார்வலர்களின் உழைப்பால் எழுத்துப்படியாக்கப்பட்டதால், அதை வைத்துப் பெயர்களின் பரவலை வரைபடமாகப் பார்க்க முடிகிறது. வாக்கர்கள் யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் குவிந்திருப்பார்கள். ஃபுல்லர்கள் சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் பக்கம். டக்கர்கள் டெவனிலும் சாமர்செட்டிலும். ரயில் வந்து, தொழிற்சாலைகள் வந்து, லட்சக்கணக்கானோர் ஊர்விட்டு ஊர் போன பிறகும் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது.

ஊர்ப்பெயர்களும் சாட்சி சொல்லும். கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. எக்ஸெட்டரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் கத்தரிக்காரர்களும் கூடிய சங்க மண்டபம், இன்றும் நிற்கிறது. வேல்ஸில் இந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர். டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பெயருக்குள் ஒளிந்திருப்பது அதுதான்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவிலியத்தை ஆங்கிலமாக்கிய விக்லிஃப் குழுவினருக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. மாற்கு நற்செய்தியில் இயேசுவின் ஆடை எந்த வெளுப்பவராலும் வெளுக்க முடியாத வெண்மையாய்ப் பிரகாசித்தது என்று வரும் இடத்தில், அவர்களுடைய முந்தைய மொழிபெயர்ப்பு 'ஃபுல்லர்' என்று எழுதிவிட்டு, 'அல்லது வாக்கர்' என்றும் சேர்த்திருக்கிறது. தெற்கத்திக்காரருக்கு ஒரு சொல், வடக்கத்திக்காரருக்கு ஒரு சொல்.

உங்கள் பெயருக்கும் இதையே செய்யுங்கள். ஒரே தொழிலுக்கு வேறு பெயர்கள் உண்டா என்று தேடுங்கள். நெசவாளருக்கு வெப், வெப்ஸ்டர், வீவர். சாயம் போடுபவருக்கு லிஸ்டர், டையர். ரொட்டி சுடுபவருக்கு பேக்கர், பாக்ஸ்டர். எந்த மாவட்டத்தில் எது அடர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, குடும்பம் எந்தத் திசையிலிருந்து கிளம்பியது என்ற முதல் துப்பு கிடைத்துவிடும்.

நான்காம் படி: போட்டி விளக்கங்களை நேர்மையாகச் சோதியுங்கள்

ஒரு பெயருக்கு ஒரே வேர்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நியூகாசில் நகரில் டைன் நதிக்கரையில் வாக்கர் என்ற பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் ஓரமாக இருந்த சதுப்பு நிலம் என்பது அந்த ஊர்ப்பெயரின் பொருள். அந்த ஊரிலிருந்து வந்ததால் பெயர் பெற்றவர்களுக்குத் துணியோடு எந்த உறவும் இல்லை.

ஸ்காட்லாந்து மலைநாட்டில் கேலிக் மொழியில் 'மக் அன் ஊகதர்' என்று ஒரு பெயர் உண்டு; துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள். ஆங்கிலம் பரவியபோது அந்தக் குடும்பங்களில் சில வாக்கர் ஆயின. பொருள் அதேதான், பிறந்த மொழி வேறு. ஜெர்மன் மொழியிலும் இதே தொழிலுக்கு 'வால்கர்' என்ற பெயர் இருப்பதால், அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மானியர்கள் சிலரும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கலந்துவிட்டார்கள்.

அரச வனங்களில் ரோந்து சுற்றிய காவலர்களுக்கும் இந்தச் சொல் வழங்கியது என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. அப்படி ஒரு பதவி இருந்தது உண்மைதான். ஆனால் பெயரின் பரவல் வனங்களோடு ஒட்டவில்லை, துணி நெய்த மாவட்டங்களோடு ஒட்டுகிறது. நான் வரைபடத்தின் பக்கம்தான் நிற்பேன்.

விளக்கங்களைச் சரிபார்க்க 2016இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர்களின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பாருங்கள். 45,000க்கும் மேற்பட்ட பெயர்களுக்குப் பழைய ஆவணச் சான்றோடு விளக்கம் தருகிறது. விலை அதிகம், நூலகத்தில் பார்ப்பதே நல்லது. பரிசுக் கடைகளில் பெயரோடு கேடயச் சின்னம் அச்சிட்டு விற்கும் காகிதத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் அத்தகைய சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான் உரியது. ஒரு குடும்பப் பெயருக்கென்று பொதுவான சின்னம் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: எழுத்துக்கூட்டலைத் தளர்த்துங்கள்

பழைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வாக்கரில் வரும் 'எல்' என்ற எழுத்தை விட்டவர்கள் உண்டு, நடுவில் 'யு' அல்லது 'சி' சேர்த்தவர்கள் உண்டு. இதற்காகவே சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீடு இருக்கிறது; அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எண் கொடுப்பது அதன் முறை. வாக்கருக்கு வருவது டபிள்யூ 426. இடையில் 'சி' சேர்த்து எழுதினாலும் அதே எண்தான், ஆகவே தவறவிட மாட்டீர்கள். ஆனால் வெல்கர் என்ற ஜெர்மன் பெயரும் அதே எண்ணில் வந்து விழும். பார்வைக்கு மிக நெருங்கிய வாலருக்கோ டபிள்யூ 460, அது வேறு பெயர். தேடல் முடிவுகளை ஒவ்வொன்றாகச் சலித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பொறி லத்தீன். இடைக்கால வரிப் பட்டியல்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டவை. ஊரில் வாக்கர் என்று அழைக்கப்பட்டவரை எழுத்தர் 'ஃபுல்லோ' என்று எழுதிவிட்டால், அவர் வாக்கரா ஃபுல்லரா டக்கரா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்த மாவட்டம் என்பதுதான் அங்கே துணை. மூன்றாம் படியை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாம் படி: இன்றிலிருந்து பின்னோக்கி நடங்கள்

பெயரின் பொருள் ஒன்று, உங்கள் குடும்பத்தின் கதை இன்னொன்று. இரண்டாவதைத் தேடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இடைக்காலத்தில் ஏதோ ஒரு வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வருவது. அது ஒருபோதும் கூடிவராது. தெரிந்த தாத்தா பாட்டியிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். அரசுப் பதிவாளரின் இணையப் பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கிறது. வாக்கர் போன்ற கூட்டமான பெயரில் ஒரே ஊரில் மூன்று ஜான் வாக்கர்கள் இருப்பார்கள். தாயின் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். கணக்கெடுப்புகளில் 1841 முதல் ஆட்களின் பெயர் முறையாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், பிறந்த ஊரும் இருக்காது. 1851இலிருந்து பிறந்த ஊர் வருகிறது. தேடலை அங்கே ஊன்றிக்கொள்ளுங்கள். 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் பொதுப் பார்வைக்கு வந்தது. 1931 கணக்கெடுப்பின் இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942இல் நடந்த தீ விபத்தில் அழிந்தன, 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1939இல் எடுத்த தேசியப் பதிவேடு உதவும்.

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரமும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைக்க உத்தரவிட்டார். எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது பிழைத்திருக்காது. ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி இரண்டும் இலவசத் தளங்கள், அங்கிருந்தே தொடங்குங்கள்.

அதற்கும் மேலே போனால் வரிப் பட்டியல்கள். 1377, 1379, 1381 ஆகிய மூன்று ஆண்டுகளில் தலைவரி விதித்தார்கள். 1379 பட்டியலில் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு ஊர் ஊராகப் பெயர்கள் கிடைக்கின்றன. பலருக்குத் தொழிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. பெயருக்கும் தொழிலுக்கும் இன்னும் உறவு இருந்ததா, அறுந்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கக் கிடைக்கும் அரிய ஆவணம் இது. லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஈ 179' என்ற வரிசையில் இத்தகைய வரிப் பதிவுகளைக் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: எத்தனை பேர் என்று பாருங்கள், அவர்கள் யார் என்றும் பாருங்கள்

அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் வாக்கர் 31ஆவது இடம், 5,23,129 பேர். முதலிடத்தில் இருக்கும் ஸ்மித் 24,42,977 பேர். இங்கிலாந்து, வேல்ஸில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பதிவாளர் நாயகம் வெளியிட்ட பட்டியலிலேயே வாக்கர் முதல் இருபதுக்குள் இருந்தது.

இவ்வளவு எண்ணிக்கைக்குக் காரணம் எளிது. கம்பளி நெய்த ஒவ்வொரு பகுதிக்கும் துணி மிதிப்பவர் தேவைப்பட்டார். ஆகவே பெயர் ஒரே இடத்தில் பிறந்து பரவவில்லை, நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது.

அமெரிக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கே வாக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களின் முன்னோர் பலருக்கு இந்தப் பெயர் வந்த வழியில் அடிமைமுறை நிற்கிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் போட்டதோடு சரி, பெயர் எழுதுவது அபூர்வம். தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அதற்கு முன்னால் தேட வேண்டுமானால் உரிமையாளரின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்ட வேண்டும். அந்த வேலையின் கனத்தை உணர்ந்தே அதில் இறங்க வேண்டும். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி உரிமையாளரின் பெயரையே எடுத்துக்கொண்டதும் இல்லை, ஆகவே பெயரை மட்டும் நம்பி உரிமையாளரைத் தேடாதீர்கள். அடிமைமுறைக்கு எதிராக 1829இல் பாஸ்டனில் அறைகூவல் வெளியிட்ட டேவிட் வாக்கர் இந்தப் பெயர்க்காரர்தான். கூந்தல் பராமரிப்புத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கரோ 1867இல் சாரா பிரீட்லவ் என்ற பெயரோடு பிறந்தவர். வாக்கர் அவருடைய கணவர் வழி வந்த பெயர்.

எட்டாம் படி: மரபணுவை எப்போது கூப்பிடுவது

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, ஆங்கிலக் குடும்பப் பெயரும் அப்படியே. இரண்டையும் ஒப்பிட்டு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பிரிட்டன் குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அபூர்வமான பெயர்களில் பெரும்பாலான ஆண்கள் ஒரே தந்தைவழியில் வந்தவர்கள் என்று தெரிந்தது. ஸ்மித்களிடமோ அப்படி எந்த உறவும் தெரியவில்லை, தெருவில் போகிற யாரோ இருவரைப் போலத்தான் இருந்தார்கள். வாக்கரும் அந்தக் கூட்டத்தில்தான் சேரும். ஆகவே பெயர் அபூர்வமாக இருந்தால் பரிசோதனையை முன்னதாகவே செய்யலாம். கூட்டமான பெயராக இருந்தால், காகிதத்தில் ஒரே மூதாதையரை எட்டும் இரண்டு கிளைகளைப் பிடித்தபிறகு, அதை உறுதிப்படுத்த மட்டும் செய்யுங்கள். தத்து, மறுமணம், திருமணத்துக்கு வெளியே பிறப்பு என்று எந்தக் குடும்பத்திலும் எதிர்பாராதது வெளியே வரலாம். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செய்வது நல்லது.

சென்னையிலிருந்து தேடுகிறவர்களுக்கு

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இந்தத் தேடல் வெறும் ஆர்வம் அல்ல, சொந்தக் கதை. அவர்களுக்கு ஆறாம் படி சற்று மாறும். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது, அதன் பதிவேடும் அப்போதே தொடங்குகிறது. மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலானவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்காக 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற சங்கம் இவற்றில் பெரும் பகுதிக்கு இலவச இணைய அட்டவணை தயாரித்திருக்கிறது.

அந்தப் பதிவுகளில் தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் படைப்பிரிவோ பதவியோ ரயில்வே வேலையோ எழுதியிருக்கும். கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். படைப்பிரிவு தெரிந்தால் ஆள்சேர்ப்புப் பதிவேடு கிடைக்கும். அதில் சிப்பாய் பிறந்த பங்கின் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பங்கு யார்க்‌ஷயரிலோ லங்காஷயரிலோ இருந்தால், வரைபடத்தை விரித்து, பக்கத்தில் ஆறு ஓடுகிறதா, 'வாக் மில்' என்று ஓர் இடப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.